வாய் கொப்பளிக்க ஒரு குவார்ட்டர்

மார்ச் 4, திங்கள்

நாகர்கோவிலில் காது டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். பெட்டி மாதிரி ஓர் அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு மாற்றியதும் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மிஷின்தான் ரிப்பேர் என்று நினைத்தேன். வெளியே வந்த பிறகு ரிப்பேர் எதில் என்று சொன்னார்கள்.

மெனியர் என்று பெயராம். உள்காதில் இருக்கிற நீர் கூடிப்போய் அழுத்துகிறதாம். அதனால்தான் திடீரென்று தலை சுற்றல், வாந்தி, காதுக்குள் ஓயாத இரைச்சல். இது சாகிற நோயும் இல்லை, முழுசாகத் தீர்கிற நோயும் இல்லை என்றார் டாக்டரம்மா.

"உப்பைக் குறைங்க. காப்பியைக் குறைங்க. குடி கூடவே கூடாது. குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பகவதிக்கு இருமல் வந்தது. என் மனைவிக்கு இருமல் வருவதற்கென்று சில நேரங்கள் உண்டு.

என்ன வேலை என்று கேட்டார். முப்பந்தலில் காற்றாலை மெக்கானிக், கோபுரத்தின் மேலே ஏறிப் பார்க்கிற வேலை என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இனி ஏறக் கூடாது. ஆபீஸ்ல சொல்லி வேற வேலை கேளுங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியதில் லேசாகக் கிறுகிறுத்தது.

தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். என்ன சாப்பிட்டேன், தலை சுற்றியதா, குடித்தேனா. சிமென்ட் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் காட்டுவதற்கு வேறொன்று எழுதிக்கொள்ளலாம். இது எனக்கு.

மார்ச் 5, செவ்வாய்

உப்பில்லாத சாம்பார். தலை சுற்றவில்லை. குடிக்கவில்லை.

மார்ச் 9, சனி

உப்பில்லாத கூட்டு, உப்பில்லாத ரசம். ஊறுகாய் பாட்டிலை பகவதி பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்துவிட்டாள். கருவாட்டுச் சட்டியையும் காணோம். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு ஊட்டுகிறவள். என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டாள்.

குடிக்கவில்லை. தோவாளை முக்கில் பழைய ஆட்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். பாதி குவார்ட்டர்தான். தண்ணீர் நிறைய ஊற்றி. டாக்டரம்மா குடி என்று சொன்னது எங்கள் சைட் நல்லதம்பி மாதிரி ஆட்கள் குடிப்பதை. இதை அதில் சேர்க்க முடியாது.

ஒன்றை மட்டும் எழுதிவைக்க வேண்டும். இரண்டு வாய் உள்ளே போனதும் காதுக்குள் இரைச்சல் அடங்கியது. கொஞ்ச நேரம்தான். ஆனால் அடங்கியது. இரண்டு வருஷமாக ராப்பகலாக ஒருத்தன் காதுக்குள் குக்கர் வைத்துக்கொண்டிருந்தால் தெரியும் அந்தக் கொஞ்ச நேரத்தின் அருமை.

மார்ச் 17, ஞாயிறு

பகவதி இன்றைக்கும் கேட்டாள். "ஆபீஸ்ல சொன்னியளா?"

"சொல்லுதேன்."

"எப்போ சொல்லுவிய?"

"சீசன் முடியட்டும்."

சீசன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். வைகாசியில்தான் கணவாய்க் காற்று இறங்கும். அதற்குள் மிஷின்களை எல்லாம் சரிபார்த்து வைக்க வேண்டும். இப்போதுதான் ஏற வேண்டிய வேலை அதிகம்.

ஆபீஸில் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. போன வருஷம் கனகராஜ், மேலே வைத்துத் தலை கிறுகிறுத்தது என்று உண்மையைச் சொன்னான். சர்க்கரை. மறுநாளே அவன் ஏறுவதற்கான அனுமதியைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்று மாதம் கேட்டில் காவலுக்கு நின்றான். பிறகு அதுவும் இல்லை. அதே வருஷம் நல்லதம்பி குடித்துவிட்டு ஜீப்பை வேலியில் கொண்டுபோய் ஏற்றினான். ஒரு வாரம் வீட்டில் இரு என்றார்கள். வாரம் முடிந்து வந்தபோது சைட் இன்சார்ஜ் சாம்ராஜ் சாரே முதுகில் தட்டி, "இனிமே ஒழுங்கா இருவே" என்று மேலே அனுப்பினார். குடிகாரன் திருந்துவான் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. காது திருந்தும் என்று யார் நம்புவார்கள்?

மகள் கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நான் கேட்டில் நிற்க முடியாது.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்று சைட்டிலேயே வந்துவிட்டது.

எங்களுக்கு எப்போதும் இரண்டு பேர் கணக்கு. தனியாக ஒருவன் ஏறக் கூடாது. ஒருவன் மேலே போனால் இன்னொருவன் கீழே ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில் வாக்கிடாக்கியோடு நிற்க வேண்டும், அல்லது இருவரும் சேர்ந்து ஏற வேண்டும். ஏறுமுன் ஒருவன் பெல்ட்டை மற்றவன் பின்னால் நின்று இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பான். இழுத்தவன் "ஏறலாம்" என்று வாயால் சொன்ன பிறகுதான் ஏணியில் கால் வைக்க வேண்டும். என் ஜோடி சகாயம். முழுப்பெயர் தேவசகாயம். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஆறு வருஷமாக என் முதுகில் அவன் கை, அவன் முதுகில் என் கை.

அவன் என் பெல்ட்டை இழுத்தான். அந்த இழுப்பிலேயே தரை எழுந்து என் முகத்துக்கு வந்தது. கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து காலையில் தின்ற இட்லி முழுவதையும் எடுத்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் மலை இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்ச் சேருகிற மாதிரியும் தெரியவில்லை.

சகாயம் பக்கத்தில் குத்தவைத்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அண்ணே, காலையிலேயே ஆரம்பிச்சிட்டியளா?" என்று கேட்டான்.

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. தம்பி அண்ணனைக் கேட்கிற மாதிரி கேட்டான். நான் ஒரு கணம் யோசித்தேன். "ராத்திரி கொஞ்சம் கூடிப்போச்சு மக்கா" என்றேன்.

"படுத்துக்கிடுங்க. சாம்ராஜ் சார் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

சொல்லியும் கொண்டான். நேற்று ராத்திரி நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கி டூல்ஸ் பையின் அடியில், துணி சுற்றி வைத்திருக்கிறேன். குடிப்பதற்கு இல்லை. சகாயத்துக்கு மூக்கு கூர்மை. எதிரே வருகிறவன் என்ன சரக்கு என்று பத்தடி தூரத்திலேயே சொல்லுவான். அன்றைக்கு என் வாயில் வாந்தி நாற்றம் மட்டும்தான் இருந்தது. அடுத்த தடவை அவன் யோசிக்க ஆரம்பிப்பான்.

தலை சுற்ற ஆரம்பிக்கும்போது காது முதலில் அடைக்கும். அப்போதே ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். கொஞ்சம் சட்டையில் பட்டால் நல்லது.

குடித்துத் தள்ளாடினால் அது என் இஷ்டம் என்று ஆகிறது. குடிக்காமல் தள்ளாடினால் அது யார் இஷ்டம் என்று தெரியவில்லை. எனக்கு முதலாவதே தேவலை என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 18, வியாழன்

தேர்தலுக்காகக் கடை அடைப்பு. தெரிந்திருந்தும் வாங்கி வைக்காமல் விட்டுவிட்டேன். டூல்ஸ் பையில் இருப்பதை எடுத்தேன். அது கொப்பளிப்பதற்கென்று வைத்தது. கொப்பளித்தேன். துப்பவில்லை.

குடிக்கவில்லை என்று எழுதக் கை போகிறது. பழக்கம்.

மே 12, ஞாயிறு

ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன். தலை சுற்றும்போது வலது பக்கமாகச் சாய்ந்து, கெட்ட காது மேலே இருக்கும்படி படுத்தால் உலகம் சீக்கிரம் நிற்கிறது. ஆனால் நல்ல காது தலையணைக்குள் புதைந்துவிடும். அப்புறம் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காது.

இன்று அப்படிப் படுத்திருந்தேன். பகவதி சந்தைக்குப் போயிருந்தாள். திடீர் மழை. சாவி என்னிடம். அவள் கதவைத் தட்டி, ஜன்னலைத் தட்டி, கடைசியில் பக்கத்து வீட்டு ஏணியைப் போட்டு மொட்டை மாடி வழியாக இறங்கி வந்தாள். என்னை உலுக்கியபோது அவள் சேலையிலிருந்து தண்ணீர் என் முகத்தில் சொட்டியது.

"செத்துப் போயிட்டியன்னு நெனச்சேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தலையைத் துவட்டாமல் அப்படியே இருந்தாள்.

பிறகு என் வாயை முகர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து போனாள். ஆமாம், மத்தியானம் கொஞ்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை.

ஜூன் 5, புதன்

காற்று இறங்கிவிட்டது. எல்லா மிஷினும் ஓடுகிறது. ஏறுகிற வேலை குறைவு, ஆனால் நின்றுபோனால் உடனே ஏற வேண்டும். சாம்ராஜ் சார் இந்த நான்கு மாதமும் தூங்க மாட்டார், தூங்கவும் விடமாட்டார்.

நேற்று வந்தது போல இதற்குமுன் வந்ததில்லை. சாயங்காலம் முக்கில் ஒரு குவார்ட்டர் முழுசாக, கூடவே வறுத்த கருவாடு. மூன்று மாதம் நாக்கு செத்துக் கிடந்தது, என்ன செய்ய. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் காது அடைத்தது. படியில் விழுந்தேன். நெற்றியில் நான்கு தையல். விடிகிற வரை வாந்தி. கண்ணை மூடினாலும் சுற்றியது, திறந்தாலும் சுற்றியது. எது பிராந்தி, எது காது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

காலையில் பகவதி தையலுக்கு மருந்து போட்டபடி சொன்னாள். "நோய்னா நான் பாத்துக்கிடுதேன். பீ மூத்திரம்கூட அள்ளுதேன். குடின்னா என்னால முடியாது. ரெண்டையும் சேத்துப் பாக்க எனக்கு சீவன் இல்லங்க."

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். பஞ்சைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு அங்கன்வாடிக்குக் கிளம்பிப் போனாள்.

ஜூன் 14, வெள்ளி

குடிக்கவில்லை. உண்மையாகவே. அன்றிலிருந்தே இல்லை. கை நடுங்குகிறது. காதுக்குள் இரைச்சல் முன்பைவிடப் பெரிதாகக் கேட்கிறது, அல்லது அதை மூடி வைக்க ஒன்றும் இல்லாததால் அப்படித் தோன்றுகிறது. ராத்திரி பகவதி ஒன்றும் கேட்காமல் என் வாயருகே வந்து மூச்சு இழுத்தாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகு லேசாகக் குலுங்கியது.

சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டியதுதானே, இருந்தது.

ஜூலை 3, புதன்

குடிக்கவில்லை. தலை சுற்றல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. டாக்டரம்மா சொன்னது சரிதான் போலிருக்கிறது, சொன்ன தோரணைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று சாப்பிடும்போது சகாயம் சொன்னான். "அண்ணே, ஒரு மாசமா முகம் தெளிஞ்சிருக்கு. விட்டுட்டியளா?"

"விட்டாச்சு மக்கா."

"ஜெனிட்டா உங்களுக்காக ஒவ்வொரு செவ்வாயும் ஜெபம் பண்ணுதா. சொன்னா சந்தோசப்படுவா."

ஜெனிட்டா அவன் மனைவி. அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. லேய், எனக்குக் காதில் நோய், நீ பார்த்ததில் பாதி குடியே இல்லை என்று. சொன்னால் அவன் சாம்ராஜ் சாரிடம் போய்விடுவான். குடியை மறைக்கிறது அவனுக்குப் பாவமாகத் தெரியவில்லை. தலை சுற்றுகிறவனை மேலே ஏற்றுவது அவனுக்குப் பாவமாகத் தெரியும். சீசன் முடியட்டும், சொல்லிவிடலாம்.

டூல்ஸ் பையில் மறுபடி வாங்கி வைத்த பாட்டில் அப்படியே இருக்கிறது. எப்போதாவது வந்தால் வேண்டுமே.

ஜூலை 11, வியாழன்

எழுதுகிற மாதிரி இல்லை.

ஜூலை 13, சனி

சகாயத்தின் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வியாழன் காலை, மலையோரம் கடைசியில் இருக்கிற மிஷின் நின்றுபோனது. நானும் சகாயமும் போனோம். ஜீப்பை விட்டு இறங்கும்போதே என் காது அடைத்தது. ஒரு மாதமாக வராதது. பையைத் திறந்து ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினேன். நெஞ்சில் வழிந்தது. துடைக்கவில்லை.

சகாயம் பார்த்தான். முகம் வாடிப்போனது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மறுபடியுமாண்ணே" என்றான்.

ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வாயைத் திறந்தால் வாந்தி வரும் போல இருந்தது.

"படுத்துக்கிடுங்க. நான் ஏறிட்டு வாரேன். சின்ன வேலைதான், பத்து நிமிசம்."

"வேண்டாம்லே. ஆபீசுக்குச் சொல்லு, வேற ஆளு வரட்டும்" என்றேன். இதைச் சொன்னேன் என்பது சத்தியம். சகாயம் சிரித்தான்.

"வேற ஆளு வந்தா உங்க லெட்சணம் தெரிஞ்சிரும். வாக்கிடாக்கிய தலமாட்டுல வச்சிருக்கேன். கூப்பிட்டா எடுங்க, அது போதும்."

எனக்காகத்தான் தனியாக ஏறினான். அவன் பெல்ட்டை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. "ஏறலாம்" என்று யாரும் சொல்லவில்லை.

நான் ஜீப் நிழலில் படுத்தேன். எப்படிப் படுத்தேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். வலது பக்கமாகச் சாய்ந்து, கெட்ட காது மேலே. நல்ல காதைக் கையால் அணைத்து மண்ணில் அழுத்திப் படுத்தேன். அப்படிப் படுத்தால்தான் உலகம் நிற்கும். வாக்கிடாக்கி என் தலைக்கு மேலே, செத்த காதின் பக்கம் இருந்தது.

மேலே மிஷினின் தலையைக் காற்றுப் பக்கம் திருப்புகிற பல்சக்கரம் ஒன்று உண்டு. அதில் வேலை செய்யும்போது அது திடீரென்று அசைந்து அவன் கையைக் கவ்வியிருக்கிறது. கீழே பலகையில் ஒரு ஸ்விட்சைத் திருப்பினால் பல் விலகிவிடும். ஒரு நொடி வேலை. அவன் இடது கையால் வாக்கிடாக்கியை எடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறான். எவ்வளவு நேரம் கூப்பிட்டான் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். நேரம் தெரியாது என்கிறான். தொண்டை கட்டிப்போகும் வரை கூப்பிட்டானாம்.

என்னை எழுப்பியது ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மா. கம்பால் தோளில் குத்தினாள். "ஏ அய்யா, உம்ம பெட்டி கெடந்து கத்துது. ஆரோ அழுதானே" என்றாள். என் மேல் அடித்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தவழ்ந்துதான் போனேன். ஸ்விட்சைத் திருப்பினேன். பிறகு ஏணியில் ஏறினேன். கோபுரத்துக்குள் இருட்டு. கம்பிகள் எல்லாம் சாய்ந்து சாய்ந்து வந்தன. பாதிகூட ஏறியிருக்க மாட்டேன். அதற்குமேல் கை எடுக்க வரவில்லை. ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து ஏதோ சொட்டு சொட்டாக என் ஹெல்மெட்டில் விழுந்தது. எண்ணெய் என்று நினைத்தேன்.

சகாயம் தானாகவே ஒரு கையால் இறங்கிவந்துகொண்டிருந்தான். அவன் கால் என் தலையில் பட்டது.

"அண்ணே, இறங்குங்க" என்றான். குரலே இல்லை அவனுக்கு. "வலது காலக் கீழ வைங்க. ஆங். இப்ப இடது. கண்ண மூடிக்கிடுங்க, நான் சொல்லுதேன்."

கை போன நிலையில் அவன்தான் என்னை இறக்கினான். நான் அவனை இறக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நான் குடிக்கவில்லை, காதுதான், வாய் மட்டும்தான் கொப்பளித்தேன், வெகுநாளாக அப்படித்தான் செய்துவருகிறேன் என்று.

அவள் வாளியில் ஊறவைத்திருந்த என் சட்டையை எடுத்து நீட்டினாள். ரத்தம் போயிருந்தது. பிராந்தி வாடை போகவில்லை.

"கொப்பளிச்சிய" என்றாள்.

"ஆமா."

"குடிக்காமலே குடிச்ச மாதிரி."

"ஆமா பகவதி."

"ஒரு வருசமா, ரெண்டு வருசமா, குடிச்சிட்டுக் குடிக்கலன்னு சொன்னிய. அதையும் நான் நம்புனேன்" என்றாள். சட்டையை மறுபடி வாளியில் போட்டு சோப்புத்தூளை அள்ளிப் போட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கதையை வேறொருவன் வந்து சொன்னால் நானும் நம்பமாட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

சாம்ராஜ் சார் வீட்டுக்கே வந்தார். இதுவரை வந்ததில்லை. காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்களாம்.

அவரிடமும் நோயைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மாவின் சீட்டையும் எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பித் திணித்தார்.

"பெருமாள், நான் சொல்றதை நிதானமாக் கேளுங்க. சகாயம் தானா தனியா ஏறினான்னு வந்தா, விதியை மீறினது அவன். நஷ்டஈடு இழுத்துக்கிட்டே போகும், வேலையும் இருக்காது. ஒரு கையை வச்சுக்கிட்டு அவன் எங்க போவான்? சீனியர் ஏறச் சொல்லி ஏறினான்னு வந்தா, அவன் மேல தப்பே இல்ல. பணமும் வரும், கன்ட்ரோல் ரூம்ல உட்கார்ற வேலையும் நான் வாங்கித் தர்றேன்."

"சீனியர்னா நான்."

"நீங்கதான்."

"நோயாளி சீனியர்னு சொல்லலாமே சார்."

அவர் தரையைப் பார்த்தார். "நோய்னு சொன்னா, உங்களை ஏத்தினது யாருன்னு கேப்பாங்க. என்னையும் கேப்பாங்க, சகாயத்தையும் கேப்பாங்க. இத்தனை நாளா தெரிஞ்சே மறைச்சான்னு அவன் தலையிலயும் விழும். குடின்னா உங்களோட முடிஞ்சிரும். எல்லாரும் உங்களைக் குடிச்ச நிலையில பாத்திருக்காங்க. சட்டை நாறிச்சுன்னு அந்த ஆட்டுக்காரம்மா வரைக்கும் சொல்லியாச்சு."

"சகாயம் என்ன சொல்லுதான்?"

"நான்தான் ஏறினேன், அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாருன்னு சொல்றான். மயக்கத்துல உளர்றான்னு எழுதி வச்சிருக்கேன். ஆனா தெளிஞ்சு வந்தும் அதையே சொன்னா என்னால தடுக்க முடியாது. நீங்க குடிச்சிருந்ததை மட்டும் அவன் சத்தியமா நம்புறான். அந்த மட்டுக்கும் நல்லது."

அவர் தன்னையும் காப்பாற்றிக்கொள்கிறார் என்பது தெரியாமல் இல்லை. அதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது.

ஜூலை 19, வெள்ளி

கோட் போட்ட இரண்டு பேர். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"அன்னைக்கு மது அருந்தியிருந்தீங்களா?"

"ஆமா சார்."

"எவ்வளவு?"

"ஒரு குவார்ட்டர். காலையிலேயே."

"தேவசகாயத்தை ஏறச் சொன்னது யாரு?"

"நான்தான் சார். அவன் மாட்டேன்னான். அதட்டி ஏத்தினேன்."

கையெழுத்தையும் போட்டேன். மூன்று நாளாக யோசித்த வரிகள், தடங்கல் இல்லாமல் வந்தன. இத்தனை நாள் குடித்ததை மறைப்பதற்குப் பட்ட பாட்டில் பாதிகூட இதற்குப் படவில்லை. வேலை போயிற்று. போலீசுக்கு எழுதுவோம் என்கிறார்கள், எழுதட்டும்.

வெளியே வரும்போது நல்லதம்பி நின்றுகொண்டிருந்தான். எங்கள் சைட்டில் அவனைவிடக் கேடுகெட்ட குடிகாரன் எவனும் கிடையாது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குடிக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இன்று மீன் குழம்பு. முதல் கவளத்திலேயே உப்பு நாக்கில் ஏறியது. சரியான உப்பு. எல்லார் வீட்டிலும் போடுகிற அளவு. ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாயும் இருந்தது.

மறந்து போட்டுவிட்டாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். பகவதி சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் மறக்கவில்லை. இத்தனை மாதமும் தனக்கும் உப்பில்லாமலே சமைத்து என்னோடு தின்றவள்.

அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சோற்றை வீணாக்காமல் தின்று முடித்தேன். சாயங்காலமே காது அடைத்தது.

குடிக்கவில்லை. இப்போது குடித்தாலும் கேட்பார் இல்லை. அதனாலோ என்னவோ, வாங்கப் போகத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சகாயம் வீட்டுக்குப் போனேன். ஆரல்வாய்மொழியில் மாடி வீடு, வெளிப்பக்கம் குறுகலான படி. கைப்பிடிச் சுவர் கிடையாது. முன்பெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு ஏறுவேன்.

ஜெனிட்டா கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை, வழி மட்டும் விட்டாள். சகாயம் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் ஸ்பூனில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். சட்டைக் கை ஒன்று முடிந்து தொங்கியது.

"வாங்கண்ணே. உக்காருங்க."

கன்ட்ரோல் ரூம் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டதாம். பணமும் பாதி வந்துவிட்டதாம். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஸ்பூனைப் பார்த்தான்.

"அதட்டி ஏத்துனேன்னு சொல்லிருக்கிய."

"ஆமா."

"நீங்க அதட்டலியே."

"உனக்கு ஞாபகம் இல்லலே. வலியில மறந்திருப்ப."

அப்போது பார்த்து வந்தது. காது அடைத்தது, சுவரில் மாட்டியிருந்த மாதா படம் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. எழுந்து கதவைப் பிடித்தேன். பிடி நழுவி ஸ்டூலில் மோதினேன். ஜெனிட்டா உள்ளேயிருந்து வந்தாள்.

"ஒரு கையத் தின்னது போதாதா. எங்க வீட்டுக்கும் ஊத்திட்டுத்தான் வரணுமா" என்றாள். அவள் குரல் உடைந்தது. "ஒவ்வொரு செவ்வாயும் இந்த மனுசனுக்காகல்ல முட்டி போட்டேன்."

சகாயம் எழுந்து வந்து என் தோளை ஒற்றைக் கையால் தாங்கினான். முகத்துக்கு வெகு அருகே வந்தான். அவன் மூக்கு விரிந்தது. ஒருமுறை இழுத்தான். மறுபடியும் இழுத்தான். என் டூல்ஸ் பை ஆபீஸில் கிடக்கிறது, பாட்டிலும் அதோடு போயிற்று. என் வாயில் பகவதி போட்ட காலைக் காப்பி தவிர வேறொன்றும் இல்லை.

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அண்ணே" என்றான், ஜெனிட்டாவுக்குக் கேட்காதபடி. என் நல்ல காதின் பக்கமாகத்தான் சொன்னான். "ஒண்ணும் அடிக்கலியே. அன்னிக்கும் நீங்க குடிக்கலியா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்த உலகத்தில் ஒருத்தனாவது என்னை நம்புவான். அவன் ஒருத்தன் நம்பினால் எனக்கு வேறு யாரும் வேண்டாம். சொன்னால் நாளைக் காலையில் கன்ட்ரோல் ரூமுக்குப் போக மாட்டான். நேராக சாம்ராஜ் சார் முன்னால் போய் நிற்பான், அண்ணன் மேல் தப்பில்லை, நானாகத்தான் ஏறினேன் என்று. அவனை ஆறு வருஷமாக எனக்குத் தெரியும்.

"வோட்கா" என்றேன். "வாடை வராதுலே. இப்பல்லாம் அதுதான்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சிரித்துக் காட்டினேன், குடிகாரன் சிரிக்கிற மாதிரி. பிறகு படிக்கு வந்தேன். படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நழுவிக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டித் துழாவினேன்.

பின்னாலிருந்து என் சட்டையை யாரோ இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்தார்கள்.

"இறங்கலாம்" என்றான் சகாயம். "வலது காலக் கீழ வைங்க."

கடைசிப் படிவரை அந்தச் சட்டையை விடவில்லை. பஸ் வரும்வரை நிழலில் உட்காரவைத்துவிட்டுத்தான் மாடியேறினான். அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தலை சுற்றும், அதனால் பார்க்கவில்லை.

பகவதி தூங்கிவிட்டாள். தலைமாட்டில் மாத்திரை வைத்திருக்கிறது, தண்ணீரும்.

காலையில் காப்பி. மத்தியானம் சோறு, குழம்பு, உப்பு உண்டு. தலை சுற்றியது.

குடிக்கவில்லை.